அமைதிப் பணி என்னும் சொல்
இந்தியாவின் அணுவாற்றல் உடன்படிக்கைகள் பற்றிய ஓர் ஆய்வு

நாடுகள் தம்முள் எழுதிக்கொள்ளும் உடன்படிக்கைகளில் நீண்ட பிரிவுகள் பல இருக்கும். அவற்றுள் பின்னாளில் பெரும்பூசலுக்கு வித்தாவது, எழுதும்போது எவரும் ஐயுறாத எளிய சொல் ஒன்றாகவே இருத்தல் உண்டு. மின்விளக்கு எரிப்பதற்கும் ஆராய்ச்சி செய்வதற்கும் அணுவாற்றலை வேண்டி, இந்தியா அயல்நாடுகளோடு அறுபது ஆண்டுகளாக நடத்திய பேச்சுகளின் வரலாறு அத்தகைய சொல் ஒன்றின் வரலாறு எனலாம். ‘அமைதிப் பணி’ என்பதே அச்சொல். அதன் பொருள் யாது, அப்பொருளைத் துணிபவர் யார், துணிந்தவாறு நடக்கின்றதா என்று பார்ப்பவர் யார் என்னும் மூன்று வினாக்களுக்கும் 1956ஆம் ஆண்டில் விடை எழுதப்படவில்லை. சொற்பொருள் ஆராய்தல் தமிழாசிரியர்க்குப் பழகிய பணி. ஆயினும் ஒரு சொல்லின் பொருளை எழுதாது விட்டதனால் மின்நிலையங்கள் எரிபொருளுக்கு ஏங்கி நின்ற செய்தி அவர்களுக்கும் வியப்பளிக்கக் கூடியதே.

இவ்வரலாற்றின் தொடக்கம் குமரிக் கரையில் உள்ளது. திருவிதாங்கூரிலிருந்து செருமனிக்குச் சென்ற கயிற்றில் ஒட்டியிருந்த மணலை 1909ஆம் ஆண்டு ஷோம்பெர்க் என்னும் செருமானிய வேதியியலார் ஆராய்ந்து, அதில் மோனசைட்டு என்னும் கனிமம் இருத்தலைக் கண்டார். அம்மணல் மணவாளக்குறிச்சிக் கடற்கரையைச் சார்ந்தது. அவ்வூர் இன்று தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளது. மோனசைட்டிலிருந்து எடுத்த தோரியத்தைக் கொண்டு அக்காலத்தில் காஸ் விளக்கின் வலைகளைச் செய்தனர். விளக்கு வலைக்குப் பொருள் தந்த அக்கரை, அணுவைப் பிளக்கும் காலம் வந்தபின், வல்லரசுகளின் கண்ணுக்குப் புதையலாகத் தோன்றியது. தோரியத்தை அணு உலையில் இட்டால் அது யுரேனியத்தின் ஒரு வகையாக மாறும்; அவ்வகை யுரேனியமும் எரிபொருளே. ஆதலால் விடுதலை பெற்ற இந்தியா மோனசைட்டை மணலாகவே அள்ளிக் கொடுக்கும் பழைய வாணிகத்தை நிறுத்தியது. ஆலுவாயில் ஆலை அமைத்து, 1952ஆம் ஆண்டில் அதனைத் தானே பிரிக்கத் தொடங்கியது. பின்னர் உதவி வேண்டி உலக அரங்கிற்குச் சென்றபோது இந்தியா வெறுங்கையோடு செல்லவில்லை என்பதற்காகவே இச்செய்தி இங்குக் கூறப்படுகின்றது.

அவ்வாறு சென்றவர் ஓமி பாபா. 1909ஆம் ஆண்டு பம்பாயில் பிறந்து, கேம்பிரிட்ஜில் கற்று, இயற்பியலில் உலகப் புகழ் பெற்றவர் அவர். 1948ஆம் ஆண்டு இந்திய அணுவாற்றல் ஆணையம் அமைந்தபோது அதன் தலைவரானார். பிரதமர் நேருவின் முழு நம்பிக்கையும் அவர்க்கு இருந்தது. இந்தியாவில் யுரேனியம் குறைவு, தோரியம் மிகுதி என்பதை அடிப்படையாகக் கொண்டு அவர் மூன்று படிகளில் அமைந்த திட்டம் ஒன்றை வகுத்தார். முதற்படியில் இயற்கை யுரேனியத்தை எரிக்கும் உலைகள். அவற்றில் விளையும் புளூட்டோனியத்தை எரிக்கும் உலைகள் இரண்டாம் படி. தோரியத்தை எரிபொருளாக்கும் உலைகள் மூன்றாம் படி. எரிந்த எரிபொருளிலிருந்து புளூட்டோனியத்தைப் பிரித்தெடுத்தல் இத்திட்டத்தின் உயிர்நிலை. அணுகுண்டு செய்வதற்கும் அதே புளூட்டோனியம் பயன்படும். பின்வந்த பூசல்கள் அனைத்திற்கும் இவ்விரட்டைத் தன்மையே காரணம் என்பதை மறத்தலாகாது.

திட்டம் இருந்தது, கருவி இல்லை. அமெரிக்கா 1946ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாயிலாக அணுவியல் மறைபொருள்களை நட்பு நாடாகிய பிரிட்டனுக்கும் கொடாமல் பூட்டி வைத்திருந்தது. அப்பூட்டு 1953ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 8ஆம் நாள் சற்றே திறந்தது. அன்று அமெரிக்க அதிபர் ஐசனோவர் ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவையில் பேசுகையில், அணுவை அமைதிப் பணிக்குக் கொடுத்துதவும் உலக நிறுவனம் ஒன்று வேண்டும் என்றார். பிரிட்டனும் சோவியத்து நாடும் அதற்குள் குண்டு செய்துவிட்டன; மறைத்து வைத்துப் பயனில்லை என்பதும், கொடுத்தால் நண்பர்களைப் பெறலாம் என்பதும் அமெரிக்கா கண்ட உண்மைகள். 1955ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் செனீவாவில் கூடிய அமைதிப்பணி அணுவாற்றல் மாநாட்டிற்குத் தலைமை தாங்க அழைக்கப்பட்டவர் பாபாவே. புதிதாய் விடுதலை பெற்ற ஏழை நாட்டின் அறிஞர் ஒருவர் வல்லரசுகளின் அறிவியலாளர் நடுவே தலைமை இருக்கையில் அமர்ந்தது, அந்நாளில் ஆசிய மக்கள் அனைவரையும் நிமிர வைத்த நிகழ்ச்சி.

கொடுப்போரிடையே போட்டி எழுந்தது. பிரிட்டன் தந்த எரிபொருளைக் கொண்டு இந்தியப் பொறியாளரே கட்டிய ‘அப்சரா’ உலை 1956ஆம் ஆண்டு ஆகஸ்டு 4ஆம் நாள் டிராம்பேயில் இயங்கத் தொடங்கியது. ஆசியாவில் சோவியத்து நாட்டிற்கு வெளியே எழுந்த முதல் உலை அது. கனடா அதனினும் பெரியதொன்றைத் தர முன்வந்தது. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் மூத்த ஆசிரியர் பலர்க்குப் பழக்கமான கொழும்புத் திட்டத்தின்கீழ் வந்த கொடை அது. சாக் ரிவர் என்னுமிடத்தில் கனடா தன் பயன்பாட்டிற்கு அமைத்திருந்த உலையைப் போன்றதே இந்தியாவிற்குத் தரப்பட்டது. திறன் 40 மெகாவாட்டு. உடன்படிக்கை 1956ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் கையெழுத்தாயிற்று. உலைக்கு வேண்டிய கனநீரை அமெரிக்கா வழங்கியது. கனடா, இந்தியா, அமெரிக்கா ஆகிய மூன்று நாடுகளின் பெயர்களும் சேர்ந்து அவ்வுலைக்குச் ‘சைரஸ்’ என்னும் பெயர் அமைந்தது. 1960ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் அஃது இயங்கத் தொடங்கியது.

அவ்வுடன்படிக்கையில், உலையும் அதில் விளையும் பொருள்களும் அமைதிப் பணிக்கே பயன்படும் என்று இந்தியா உறுதி தந்தது. அமெரிக்காவின் கனநீர் ஒப்பந்தத்திலும் அதே கருத்து அமைந்தது. ஆனால் அயல்நாட்டார் வந்து பார்வையிடுவர் என்றோ, கணக்குக் கேட்பர் என்றோ எதுவும் எழுதப்படவில்லை. அமைதிப் பணி எதுவென்றும் வரையறுக்கப்படவில்லை. எரிபொருளில் ஒரு பகுதியை இந்தியா தானே செய்துகொண்டதால், எரிபொருள் வழியாகக் கட்டுப்படுத்தும் வாய்ப்பும் கனடாவிற்குக் குறைந்தது. கனடாவின் தலைவர்கள் இதனை அறியாதவர் அல்லர். இவ்வகை உலை புளூட்டோனியம் விளைவிப்பதில் தேர்ந்தது என்பதும் அவர்க்குத் தெரியும். ஆயினும் நேருவின் நாடு அணுகுண்டை வெறுக்கும் நாடு என்று நம்பினர். தாம் கேட்டு வற்புறுத்தினால் இந்தியா வேறிடம் செல்லும் என்றும் அஞ்சினர். நம்பிக்கையும் வாணிக ஆசையும் கலந்த அந்த மனநிலையை இன்று நகைத்தல் எளிது. அன்று அது பலர்க்கும் இயல்பாகவே தோன்றியது.

அதே 1956ஆம் ஆண்டின் இறுதியில் 81 நாடுகளின் பேராளர்கள் நியூயார்க்கில் கூடினர். ஐசனோவர் கூறிய உலக நிறுவனத்திற்குச் சட்டம் வகுப்பது அவர்கள் பணி. உதவி பெறும் நாடுகளை எவ்வளவு தூரம் கண்காணிப்பது என்பதில் அங்குக் கடும்போர் மூண்டது. எதிர்த்து நின்றவர் பாபா. அவர் வாதம் ஒதுக்கத்தக்கதன்று. தம்மிடம் எல்லாம் வைத்திருக்கும் வல்லரசுகள் எவர் உதவியையும் நாடா. ஆகவே அவற்றைக் கண்காணிப்பவர் இல்லை. உதவி நாடும் ஏழை நாடுகள் மட்டுமே வாயில்தோறும் காவலரை ஏற்கவேண்டும். குண்டு வைத்திருப்பவனை விட்டுவிட்டு விளக்கு கேட்பவனைச் சோதிப்பது என்ன முறை என்பதே அவர் வினாவின் சாரம். இறுதியில் இருசாராரும் சற்றே விட்டுக்கொடுத்தனர். அனைத்துலக அணுவாற்றல் நிறுவனம் 1957ஆம் ஆண்டு வியன்னாவைத் தலைமையிடமாகக் கொண்டு பிறந்தது.

கொள்கையில் இவ்வாறு உறுதியாய் நின்ற பாபா, ஏழாண்டுகளில் ஓரிடத்தில் வளைந்து கொடுத்தார். அவ்விடம் தாராப்பூர். பம்பாய்க்கு வடக்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் கடலோரமாக உள்ளது. மேற்கிந்தியாவின் ஆலைகளுக்கு மின்சாரம் வேண்டும். நிலக்கரியோ வங்காளத்திலும் பீகாரிலும் கிடக்கின்றது. ஆகவே அங்கு அணுமின் நிலையம் ஆதாயம் தரும் என்று பாபா கணக்கிட்டார். பல நாட்டு நிறுவனங்கள் போட்டியிட்டன. அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் வென்றது. அமெரிக்க அரசு 8 கோடி டாலரை 0.75 விழுக்காட்டு வட்டிக்கு, 40 ஆண்டுகளில் திருப்பித் தரும்படி கடனாகக் கொடுத்தது. இத்துணைக் குறைந்த வட்டிக்கு எவர் மயங்கார்? ஆனால் அவ்வுலைகள் இயற்கை யுரேனியத்தில் இயங்குவன அல்ல. செறிவூட்டிய யுரேனியம் வேண்டும். அதனை ஆக்கும் ஆலை இந்தியாவில் இல்லை. மூன்றுபடித் திட்டத்தின் முதல் விதியே உள்நாட்டு யுரேனியத்தில் இயங்குவது என்பதாயிருக்க, முதலில் எழுந்த நிலையம் அவ்விதிக்குப் புறம்பாய் அமைந்தது.

1963ஆம் ஆண்டு ஆகஸ்டு 8ஆம் நாள் வாசிங்டனில் கையெழுத்தான தாராப்பூர் உடன்படிக்கை கூர்ந்து நோக்கத்தக்கது. அமெரிக்கா முப்பதாண்டுக் காலம் எரிபொருள் வழங்கும். அந்நிலையத்தில் அமெரிக்க எரிபொருளன்றி வேறெதனையும் இந்தியா பயன்படுத்தாது. இதுவே அதன் நடு நரம்பு. கண்காணிப்பை இந்தியா ஏற்றது. ஆனால் ஏற்றதற்குக் காரணம் யாது என்பதில் இரு நாடுகளும் ஒத்துப்போகவில்லை. அமைதிப் பணிக்கே பயன்படுகின்றதா என்று உறுதிசெய்யக் கண்காணிப்பு பொதுவாகவே வேண்டும் என்பது அமெரிக்காவின் கருத்து. அமெரிக்க எரிபொருள் மட்டுமே எரிவதால், அந்த ஒரே காரணத்திற்காகக் கண்காணிப்பை ஏற்கிறோம் என்பது இந்தியாவின் கருத்து. ஒன்றுபட முடியாமையால் இருவர் கருத்தும் உடன்படிக்கையிலேயே எழுதி வைக்கப்பட்டன. ஓர் ஆவணத்தில் ஒரே பிரிவிற்கு இரண்டு உரைகள்! உரையாசிரியர் பூசல் தமிழிலக்கியத்திற்கு மட்டும் உரியதன்று போலும். எனினும் பாபாவின் மதிநுட்பம் இங்கேதான் விளங்குகின்றது. எரிபொருள் நின்றால் கண்காணிப்பும் நிற்கும் என்று வாதிடுவதற்கு அவர் ஒரு வாயிலைத் திறந்து வைத்தார். பதினேழு ஆண்டுகள் கழித்து அவ்வாயில் பயன்பட்டது. அதனைக் காண அவர் இல்லை. 1966ஆம் ஆண்டு ஜனவரி 24ஆம் நாள், வியன்னாவில் அணுவாற்றல் நிறுவனக் கூட்டத்திற்குச் செல்லும் வழியில், அவர் சென்ற விமானம் மோன்பிளாங்கு மலையில் மோதி வீழ்ந்தது.

தாராப்பூரின் இரண்டு உலைகளும் 1969ஆம் ஆண்டு அக்டோபரில் மின்சாரம் வழங்கத் தொடங்கின. இராஜஸ்தானத்தில் ராவத்பாட்டா என்னுமிடத்தில் கனடாவின் துணையோடு வேறொரு நிலையம் எழுந்தது. அதற்கு இயற்கை யுரேனியமே போதும். கனடாவும் அங்குக் கண்காணிப்பைக் கேட்டுப் பெற்றது. 1956ஆம் ஆண்டு நழுவவிட்டதை இரண்டாம் முறை விடவில்லை.

1968ஆம் ஆண்டு அணுவாயுதப் பரவல் தடை உடன்படிக்கை வந்தது. 1967ஆம் ஆண்டு பிறக்குமுன் அணுக்கருவி வெடித்த நாடுகள் ஐந்தும் அணுவாயுத நாடுகள் என்றும், ஏனைய நாடுகள் என்றென்றும் அதனைத் துறக்கவேண்டும் என்றும் அது கூறியது. 1964ஆம் ஆண்டு வெடித்த சீனா அவ்வைந்தனுள் ஒன்று. 1962ஆம் ஆண்டுப் போரில் அதே சீனாவிடம் தோல்வி கண்ட இந்தியா கையெழுத்திட மறுத்ததில் வியப்பில்லை.

1974ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் இராஜஸ்தானப் பாலைநிலத்தில் பொக்ரானில், நிலத்தின் கீழே, இந்தியா அணுக்கருவி ஒன்றை வெடித்தது. அதிலிருந்த புளூட்டோனியம் சைரஸ் உலையில் விளைந்தது. ‘அமைதிப்பணி அணுவெடிப்பு’ என்று அரசு அதற்குப் பெயர் சூட்டியது. உலகம் நகைத்தது, ஆயினும் அப்பெயர் இந்தியா புனைந்ததன்று. அமெரிக்கா 1957ஆம் ஆண்டு முதற்கொண்டே துறைமுகமும் கால்வாயும் தோண்ட அணுவெடியைப் பயன்படுத்தலாம் என்று ஆராய்ந்து, 1962ஆம் ஆண்டு நெவாடாவில் பெரும்பள்ளம் ஒன்றைத் தோண்டிக் காட்டியிருந்தது. சோவியத்து நாடு 1965ஆம் ஆண்டு கசக்குஸ்தானத்தில் வெடி வைத்து ஏரி ஒன்றையே அமைத்தது. பரவல் தடை உடன்படிக்கையிலும் அமைதிப்பணி வெடிப்பின் பயன் குறித்து ஒரு பிரிவு உண்டு. ஆகவே 1956ஆம் ஆண்டுச் சொல்லுக்கு இந்தியா தந்த பொருள் அகராதிக்கு முரண்பட்டதன்று. ஆனால் உலையைக் கொடுத்த கனடா அச்சொல்லை எப்பொருளில் கொண்டது என்பதும் இந்தியாவிற்கு முன்பே தெரியும். 1971ஆம் ஆண்டு கனடாப் பிரதமர் துரூடோ இந்திரா காந்திக்கு எழுதிய மடலில், எந்த அணுவெடிப்பையும் உடன்படிக்கைக்கு மாறானதாகவே தம் நாடு கருதும் என்று வெளிப்படையாகக் கூறியிருந்தார். இந்தியா எழுத்திற்கு உண்மையாய் இருந்தது எனலாம். கொடுத்தவர் நெஞ்சிற்கு உண்மையாய் இருந்தது எனல் அரிது.

நான்கே நாளில் கனடா அணுவுதவியை நிறுத்தியது. 1976ஆம் ஆண்டு உறவை முற்றாக முறித்தது. அமெரிக்காவோ தன் கனநீருக்கு இதில் பங்கில்லை என்று முதலில் கூறி, 1976ஆம் ஆண்டு பங்குண்டு என ஒப்புக்கொண்டது. அதற்குமுன், 1975ஆம் ஆண்டு, அணுப்பொருள் விற்கும் ஏழு நாடுகள் இலண்டனில் ஓசையின்றிக் கூடி, இனி எவர்க்கு எதனை விற்பது என்று விதி வகுக்கத் தொடங்கின. அக்கூட்டமே பின்னர் அணுப்பொருள் வழங்கும் நாடுகள் குழுவாக வளர்ந்தது. இந்தியாவின் வெடிப்பே அதனைப் பிறப்பித்தது. பிறந்த குழு இந்தியாவிற்கே கதவடைத்தது.

இங்குத் தமிழ்நாட்டின் பங்கைக் கூறாதிருத்தல் பொருந்தாது. கல்பாக்கத்தில் எழுந்துகொண்டிருந்த அணுமின் நிலையம் கனடாவின் மாதிரியைப் பின்பற்றியது. ஆனால் கட்டியவர் இந்தியரே. அயல்நாட்டுக் கருவிகள் வருவது நின்றபின் ஒவ்வொரு பெரும்பகுதியையும் உள்நாட்டிலேயே செய்யக் கற்கவேண்டியதாயிற்று. பணி நீண்டது, செலவு மிகுந்தது. ஆயினும் 1984ஆம் ஆண்டு ஜனவரியில் முதல் உலை மின்சாரம் விற்கத் தொடங்கியது. அங்கேயே பிரான்சின் துணையோடு திட்டமிட்ட சோதனை ஈனுலைக்கு, 1974ஆம் ஆண்டிற்குப் பின் செறிவூட்டிய யுரேனியம் கிட்டவில்லை. கல்பாக்கத்து அறிவியலாளர் புளூட்டோனியமும் இயற்கை யுரேனியமும் கலந்த கார்பைடு என்னும் புதுவகை எரிபொருளை ஆக்கி, 1985ஆம் ஆண்டு அக்டோபரில் உலையை இயக்கினர். தடை கற்பித்தது என்று இதனைப் போற்றுவோர் உளர். தடை இல்லாதிருந்தால் பத்தாண்டு முன்னரே மின்சாரம் வந்திருக்கும் என்போரும் உளர். இரண்டும் உண்மையே. இராஜஸ்தானத்தின் இரண்டாம் உலை, பாதியில் விடப்பட்டு, 1981ஆம் ஆண்டுவரை காத்திருந்தது என்பதை முன்னவர் எண்ணிப் பார்ப்பதில்லை.

தாராப்பூருக்கு அவ்வாறு கற்றுத் தேர்ந்து தப்பும் வழியும் இல்லை. அது பிறர் எரிபொருளுக்கே வாய் திறந்து நின்றது. 1978ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்க அதிபர் கார்ட்டர் புதுடில்லி வந்து மொரார்ஜி தேசாயோடு பேசினார். பேச்சு இனிதாக முடிந்தது என்று ஏடுகள் எழுத இருந்த வேளையில், ஊர் திரும்பியதும் இந்தியாவிற்குக் கடுமையான மடல் ஒன்று எழுதவேண்டும் என்று அவர் தம் வெளிநாட்டமைச்சரிடம் மெல்லக் கூறியது ஒலிவாங்கியில் பதிந்து ஊரறிந்த செய்தியாயிற்று. அதே ஆண்டு மார்ச்சில் அமெரிக்கா புதுச்சட்டம் இயற்றியது. எரிபொருள் வேண்டும் நாடு தன் அணு நிலையங்கள் அனைத்தையும் அனைத்துலகக் கண்காணிப்பிற்குத் திறந்துவிட வேண்டும் என்பது அச்சட்டம். 1963ஆம் ஆண்டு தந்த உறுதிமொழியை 1978ஆம் ஆண்டுச் சட்டம் விழுங்கலாமா என்று இந்தியா கேட்டது. முப்பதாண்டு எரிபொருள் தருவதாக எழுதிக்கொடுத்த நாடு, பதினைந்தாம் ஆண்டில் புதிய நிபந்தனை விதிப்பது ஒப்பந்த முறைக்கு அடாது என்பதில் ஐயமில்லை. கனடாவின் நம்பிக்கை பொக்ரானில் சிதைந்தது போலவே, இந்தியாவின் நம்பிக்கை தாராப்பூரில் சிதைந்தது.

1980ஆம் ஆண்டு 38 டன் எரிபொருள் அனுப்பக் கார்ட்டர் இசைந்தார். அமெரிக்க அணுவியல் ஒழுங்கு ஆணையம் மறுத்திருந்தது. பிரதிநிதிகள் அவை 298க்கு 98 என்னும் வாக்குகளால் எதிர்த்தது. மேலவையில் 48க்கு 46 என்னும் நூலிழை வேறுபாட்டில் எதிர்ப்புத் தோற்றது. எரிபொருள் சென்றது. ஆனால் ஒவ்வொரு கப்பலுக்கும் இத்தகைய போர் நடத்திக்கொண்டிருக்க முடியுமா? அமெரிக்கா தரவில்லையெனில் தாங்கள் உறுதிமொழியினின்று விடுபட்டவர்கள், எரிந்த எரிபொருளை விரும்பியவாறு பயன்படுத்துவோம் என்று இந்தியா கூறியது. பாபா திறந்துவைத்த வாயில் இதுவே. அதற்கு அஞ்சிய அமெரிக்கா, உறவை முறிக்காமல் ஒதுங்கும் வழி தேடியது. 1982ஆம் ஆண்டு இந்திரா காந்தி வாசிங்டனில் ரீகனைச் சந்தித்தபோது வழி பிறந்தது. அமெரிக்காவிற்கு மாற்றாகப் பிரான்சு எரிபொருள் வழங்கும். கண்காணிப்பு முன்போல் தொடரும். கொடுப்பவர் மாறினார், உலையின் பசி மாறவில்லை. பிரான்சும் 1993ஆம் ஆண்டோடு கைவிட்டது. 1995ஆம் ஆண்டு சீனா கொடுத்தது. 2001ஆம் ஆண்டு உருசியா கொடுத்தது. எந்த நாட்டின் குண்டைக் காட்டி இந்தியா பரவல் தடையை மறுத்ததோ, அந்நாட்டின் யுரேனியத்தில் பம்பாயின் விளக்குகள் சில காலம் எரிந்தன என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

1992ஆம் ஆண்டு வழங்கும் நாடுகள் குழு தன் விதியை இறுக்கியது. எல்லா நிலையங்களையும் கண்காணிப்பிற்குத் தராத நாட்டிற்கு எதுவும் விற்பதில்லை என்று முடிவாயிற்று. கூடங்குளம் மட்டும் தப்பியது. ராஜீவ் காந்தியும் கொர்பச்சோவும் 1988ஆம் ஆண்டு நவம்பரில் செய்த உடன்படிக்கை முந்தியது என்பதனால், 2002ஆம் ஆண்டு அங்குக் கட்டுமானம் தொடங்கியது. அந்நிலையத்தின் முதல் உலை 2013ஆம் ஆண்டு ஜூலையில் இயங்கத் தொடங்குமுன், இடிந்தகரை மீனவர் நடத்திய நெடும்போராட்டம் தனியே எழுதத்தக்க பெருங்கதை.

1998ஆம் ஆண்டு மே மாதம் பொக்ரானில் மீண்டும் வெடிகள் வெடித்தன. இம்முறை ‘அமைதிப் பணி’ என்று எவரும் பெயர் சூட்டவில்லை. ஆயுதம் என்றே அரசு அறிவித்தது. முதலில் பொருளாதாரத் தண்டனை வந்தது. பின்னர் அமெரிக்கா தன் கொள்கையை மெல்ல மாற்றியது. சொல் மயக்கம் தீர்ந்தபின்னரே பேச்சு எளிதாயிற்று என்பது கருதத்தக்கது. ஆயுதம் உண்டு என்று ஒப்புக்கொண்டபின், ஆயுதப் பகுதி இது, மின்சாரப் பகுதி இது என்று கோடு கிழிக்க முடிந்தது.

2005ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் நாள் வாசிங்டனில் அதிபர் புஷ்ஷும் பிரதமர் மன்மோகன் சிங்கும் வெளியிட்ட கூட்டறிக்கை அக்கோட்டிற்கு அடிப்படை. இந்தியா உடன்பட்டதற்குக் காரணம் பெருமை மட்டுமன்று, யுரேனியப் பஞ்சம். ஜாதுகூடா முதலிய சுரங்கங்களின் தாது தரத்தில் குறைந்தது. புதிய உலைகள் எழுந்த வேகத்திற்கு எரிபொருள் கிட்டாமல், 2008ஆம் ஆண்டளவில் நிலையங்கள் ஏறத்தாழப் பாதித் திறனளவிலேயே ஓடின. 2006ஆம் ஆண்டு மார்ச்சில் பிரிவினைத் திட்டம் வந்தது. 22 மின்னுலைகளில் 14ஐக் கண்காணிப்பிற்குத் தருவது, 8ஐத் தன்னிடமே வைத்துக்கொள்வது என்பது அது. கல்பாக்கத்து ஈனுலைகளைத் தரவே முடியாது என்று அணுவாற்றல் அறிவியலாளர் பிடிவாதமாக நின்று வென்றனர். மூன்றுபடித் திட்டத்தின் இரண்டாம் படி அங்கேதான் இருக்கின்றது.

அதன்பின் நடந்த பேச்சுகளில் தாராப்பூரின் நிழல் படியாத பக்கம் இல்லை. 2007ஆம் ஆண்டு முடிவுற்ற இருநாட்டு உடன்படிக்கையின் எரிபொருட் பிரிவைப் படிப்போர் இதனை உணர்வர். உலைகளின் ஆயுட்காலம் முழுமைக்கும் போதுமான எரிபொருட் சேமிப்பை இந்தியா அமைத்துக்கொள்ள அமெரிக்கா துணைசெய்யும். வழங்கல் தடைப்பட்டால் உருசியா, பிரான்சு, பிரிட்டன் போன்ற நட்பு நாடுகளை இரு நாடுகளும் கூட்டி, மாற்றுவழி காணும். எரிபொருள் உறுதியாயின், கண்காணிப்பும் நிலையானது. 1963ஆம் ஆண்டு இரண்டு உரைகளாக எழுதி வைத்த ஒரு கருத்து, 2007ஆம் ஆண்டு ஒரே உரையாக எழுதப்பட்டது. சூடுகண்ட பூனையின் கவனம் வரிக்கு வரி தெரிகின்றது. மறுபுறம் அமெரிக்கச் சட்டமன்றமும் 1974ஐ மறக்கவில்லை. 2006ஆம் ஆண்டு டிசம்பரில் இயற்றிய ஹைடு சட்டத்தில், இந்தியா மீண்டும் வெடித்தால் எல்லாம் நிற்கும் என்று எழுதிவைத்தது.

உள்நாட்டில் எதிர்ப்புப் பெரிது. இடதுசாரிக் கட்சிகள் ஆதரவை விலக்கிக்கொண்டன. 2008ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் நாள் மக்களவையில் 275க்கு 256 என்னும் வாக்குகளால் அரசு பிழைத்தது. ஓர் அயல்நாட்டு உடன்படிக்கைக்காக இந்திய அரசு ஒன்று ஆட்சியையே பணயம் வைத்தது அரிய நிகழ்ச்சி. ஆகஸ்டு முதல் நாள் வியன்னா நிறுவனம் கண்காணிப்பு ஏற்பாட்டிற்கு இசைந்தது. எஞ்சியது 45 நாடுகளின் வழங்கும் குழு. அங்கு ஒரு நாடு மறுத்தாலும் முடிவு இல்லை. ஆஸ்திரியா, அயர்லாந்து, நியூசிலாந்து முதலிய சிறு நாடுகள் தயங்கின. குண்டு செய்யாமல் விதிக்கு அடங்கிய தங்களுக்கு இல்லாத சலுகை, விதியை மறுத்த நாட்டிற்கு ஏன் என்பது அவர்கள் வினா. 1956ஆம் ஆண்டு பாபா எழுப்பிய நீதி வினாவே இப்போது இந்தியாவை நோக்கித் திரும்பியது என்பதை நேர்மையுள்ளோர் ஒப்புக்கொள்வர். இந்தியா இனித் தானாக வெடிப்பதில்லை என்னும் தன் உறுதியை மீண்டும் கூறியபின், செப்டம்பர் 6ஆம் நாள் குழு இசைந்தது. அக்டோபர் 10ஆம் நாள் இருநாட்டு உடன்படிக்கை வாசிங்டனில் கையெழுத்தாயிற்று.

பெரிதாய்ப் பேசப்பட்ட அமெரிக்க உலைகள் பின்வந்த பதினைந்து ஆண்டுகளில் ஒன்றும் எழவில்லை. நேர்ச்சி நிகழ்ந்தால் இழப்பீட்டுப் பொறுப்பு யாருடையது என்பது குறித்து 2010ஆம் ஆண்டு இந்தியா இயற்றிய சட்டத்தை அமெரிக்க நிறுவனங்கள் விரும்பவில்லை. போபால் கண்ட நாடு அத்தகைய சட்டம் இயற்றியது பிழையன்று. பயன் வேறு வழியில் வந்தது, யுரேனியம் வந்தது. உருசியா, பிரான்சு, கசக்குஸ்தானம் ஆகியன கொடுத்தன. உலைகள் முழுத்திறனை நோக்கி ஓடத் தொடங்கின.

கனடா 2010ஆம் ஆண்டு ஜூனில் இந்தியாவோடு புதிய அணுவாற்றல் உடன்படிக்கை செய்தது. அதே ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள், பிரிவினைத் திட்டத்தில் கூறியவாறு, டிராம்பேயில் சைரஸ் உலை நிலையாக மூடப்பட்டது. 2015ஆம் ஆண்டு ஏப்ரலில் கனடாவின் கேமகோ நிறுவனத்தோடு 3,000 டன்னுக்கு மேற்பட்ட யுரேனியத்திற்கு ஒப்பந்தம் ஆயிற்று. ஆண்டின் இறுதியில் முதற்பகுதி இந்தியா வந்து சேர்ந்தது. அதனை எவ்வெவ்வுலைகளில் இடலாம், எவற்றில் இடலாகாது என்பதெல்லாம் இம்முறை எழுதப்பட்டிருந்தது. கணக்குகளைப் பார்ப்பவர் வியன்னாவில் இருந்தனர்.